பாம்பன் பாலமும் என் தம்பியும்



இந்த மாதச் சுவரிதழுக்கு 'நான் சென்று வந்த சுற்றுலா' என்று தலைப்பு கொடுத்தபோது நான் பெயர் கொடுக்கவில்லை. தமிழ் அம்மாதான், "காலாண்டு லீவுல ராமேஸ்வரம் போனியாமே, எழுதேன்" என்றார்கள். "போனோம் அம்மா, ஆனா பாதியில திரும்பிட்டோம்" என்றேன். "அப்ப அந்தப் பாதிய எழுது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்குள் எழுதச் சொன்னார்கள். அது முடியவில்லை. ஒட்டுகிற தோழிகள் மன்னிக்கவும்.

என் தம்பிக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. 2024 ஆகஸ்டில் அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. கால் வலிக்கிறது என்று ராத்திரி அழுவான். முகம் வெளுத்துப் போச்சு. விழாமலேயே முழங்காலில் நீலம் நீலமாக இருந்தது. உள்ளூர் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்து, இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். பெயர் நீளமானது, அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகமாம். குணமாக்க முடியும், ஆனால் மருந்து இரண்டரை வருஷம் என்றார்கள். அம்மா அன்றைக்கு மதுரையில் தங்கியவர்தான், முதல் ஏழெட்டு மாதம் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அப்பத்தாவோடு இருந்தேன். சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. மற்ற செலவுக்கு அப்பா குட்டியானை ஓட்டினார். (யானை இல்லை தோழிகளே, லோடு வண்டி!)

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. போன வருஷம் ஒருத்தி என் தண்ணீர் பாட்டிலில் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் யாரென்று எழுத மாட்டேன். இப்போது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்கிறாள், என் ஊறுகாயையும் எடுத்துக் கொள்கிறாள்! உண்மையில் ஒட்டுவது தலைகீழாகத்தான். நம்மிடம் இருக்கிற சாதாரணச் சளியும் இருமலும்தான் அவனுக்கு ஒட்டும். மருந்து கெட்ட அணுக்களை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, கிருமியோடு சண்டை போடுகிற நல்ல வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. அதனால் நமக்கு இரண்டு நாளில் போகிற சளி, அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

தம்பிக்குப் பாம்பன் பாலம் என்றால் பைத்தியம். வார்டில் படுத்துக்கொண்டு அப்பா போனில் அதைத்தான் பார்ப்பான். பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது, நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும், அடியில் கப்பல் போகும்... இதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும் வயதில் இவனுக்கு இத்தனை எண்! அப்பா அவனுக்கு ஒரு பாலமும் செய்து கொடுத்தார். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சு, நடுவில் ஒரு டியூப், உள்ளே தண்ணீர், மேலே மருந்து அட்டைப்பெட்டி. இந்தப் பக்கம் சிரிஞ்சை அமுக்கினால் அந்தப் பக்கம் அட்டை எழும்பும். வார்டில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று அமுக்கினார்களாம். "ஆனா நெசப் பாலம் தண்ணியில தூக்காது அக்கா, மோட்டாரு, எதிர்ப்பக்கம் வெயிட்டு" என்று எனக்குத் திருத்தமும் சொன்னான்.

2025 கோடையில் கடுமையான சிகிச்சை முடிந்து, பராமரிப்புச் சிகிச்சை என்று ஒன்று ஆரம்பித்தார்கள். வீட்டிலேயே இருக்கலாம். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் வேறொரு மாத்திரை, மாதம் ஒரு ஊசி, அப்புறம் ஐந்து நாள் ஸ்டீராய்டு. அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் பேசக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குப் புளிசாதம் கேட்பான். கொடுத்தால், "இது இல்ல, வேற புளிசாதம்" என்று அழுவான். மற்ற நாளில் தங்கக்கட்டி.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, "ஒரு வருஷமா இந்த வீட்டுல ஆஸ்பத்திரிப் பேச்சு தவிர வேற பேச்சு இல்ல. காலாண்டு லீவுக்கு எங்கயாச்சும் போவமா?" என்றார். தம்பி கையைக் கூட கழுவாமல் எழுந்து, "பாம்பன்!" என்றான்.

டாக்டரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா போய்ட்டு வாங்க, ஆனா..." என்றார். அந்த 'ஆனா' ஒரு முழுப் பக்கம் வந்தது. கிளம்புவதற்கு முன் கவுண்ட் பார்க்க வேண்டும். நியூட்ரோபில் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் போகலாம். கூட்டத்தில் போகக்கூடாது. கடைச் சட்னி, வெட்டி வைத்த பழம், ஐஸ், எதுவும் கூடாது. கொதித்து ஆறின தண்ணீர்தான். அவன் மாத்திரைக்கு வெயில் ஆகாது, தொப்பி வேண்டும். சளி, காய்ச்சல் இருக்கிறவர்கள் கிட்டே வரக்கூடாது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் ராத்திரியா பகலா என்று பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நீங்களாகக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து மூடி மறைக்கக் கூடாது. என்ன மருந்து ஏற்ற வேண்டும் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு அப்பத்தா வழக்கு. அப்பத்தா, தம்பி பிழைத்தால் ராமேஸ்வரத்தில் மொட்டை போட்டு 22 தீர்த்தமும் ஆட வைக்கிறேன் என்று வேண்டிக் கொண்டிருந்தது. மொட்டைக்குக் கத்தி பட்டு வெட்டினால் ஆபத்து, கிணற்றுத் தண்ணீர் வாயில் போனாலும் ஆபத்து என்று அம்மா ஒரே பிடி. "சாமி காரியத்துக்கு டாக்டரு என்ன சொல்றது?" என்று அப்பத்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, "முடியத்தான் சாமி ஆஸ்பத்திரியிலயே எடுத்துக்கிருச்சு. தீர்த்தத்த அவனுக்குப் பதிலா நான் ஆடுறேன்" என்றது. எங்கள் வீட்டில் பெரிய வழக்கறிஞர் அப்பத்தாதான்.

மாளய அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு வார நாளாகப் பார்த்தோம். அப்பாவின் நண்பர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், அவர் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். மதுரையிலிருந்தே ரயிலில் போனால் நான்கு மணி நேரம் கூட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் மண்டபம் வரை வேன். மண்டபத்தில் நாங்கள் ரயில் ஏறிப் பாலத்தைக் கடப்பது, மாமா வேனோடு ரோட்டுப் பாலம் வழியாக வந்து ராமேஸ்வரத்தில் எங்களை ஏற்றிக் கொள்வது என்று திட்டம். கவுண்ட் பார்த்தோம், 1,100. தம்பி அந்த ரிப்போர்ட்டை மார்க் ஷீட் மாதிரி தெருவெல்லாம் காட்டினான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குத் தொண்டை கரகரத்தது.

தோழிகளே, நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று பயணம் நிற்கும், இல்லை என்னை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வருஷமாக என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். என் பிறந்தநாளுக்கு அம்மா வார்டிலிருந்து போனில்தான் வாழ்த்துச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்கு என்னை எழுப்பிவிட்டது அப்பத்தா. அதற்காகக் கோபம் எல்லாம் இல்லை... இல்லை, பொய் சொல்லக் கூடாது, கோபம் இருந்தது. அம்மாவோடு ஒரு நாள் முழுக்க ஓர் இடத்தில் இருக்க வேண்டும் போல இருந்தது. மிளகை வாயில் அடக்கிக் கொண்டேன். அடுப்படியில் யாரும் இல்லாதபோது உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். மாஸ்க் போட்டிருக்கலாம். போட்டால் 'ஏன் போட்டிருக்க?' என்று அம்மா கேட்பார், அதனால் அதையும் போடவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அம்மாவின் மடியில் நீலப் பை. அதில் தெர்மாமீட்டர், மாத்திரை, டாக்டர் கடிதம், ரிப்போர்ட் நகல், கை கழுவும் மருந்து எல்லாம் இருக்கும். வீட்டிலிருந்து இட்லி, பொடி, இரண்டு கேன் கொதித்த தண்ணீர். கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகிற மாதிரி இருந்தது.

மண்டபம் ஸ்டேஷனில் அப்பா டிக்கெட் வாங்கி வந்தார். தம்பிக்கு அரை டிக்கெட். அதை அவன் கையிலேயே கொடுத்தார். அவன் பெயர் போட்ட எத்தனையோ சீட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. எல்லாம் லேப் சீட்டு. இதில் பெயரே இல்லை. அவன் அதை மடிக்காமல் பிடித்துக் கொண்டே இருந்தான்.

பாலத்தில் ரயில் ஏறும்போது அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கொண்டு பேசாமல் இருந்தான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல். தூரத்தில் நீலம், பாலத்துக்கு அடியில் பச்சை. பக்கத்திலேயே 2022 டிசம்பரோடு ரயில் நின்று போன பழைய பாலம், துருப்பிடித்துத் தெரிந்தது. சின்னச் சின்னப் படகுகள். காற்றில் அவன் மாஸ்க் உப்பி உப்பி அடங்கியது. நடுவில் பெரிய இரும்புக் கோபுரம் வந்ததும், "அக்கா, இதுதான். இதுதான் தூக்குற எடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கீழே இழுத்து ஒரே ஒரு மூச்சு இழுத்தான். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவனே திரும்பப் போட்டுக் கொண்டான்.

என் தொண்டையில் ஒரு இருமல் மண்டபத்திலிருந்தே உட்கார்ந்திருந்தது. அதை அடக்கி அடக்கி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுறியா அக்கா? எனக்கும் அழுக வருது, நல்லா இருக்குல்ல" என்றான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டேன்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். அப்பத்தாவும் அப்பாவும் மட்டும் கோயிலுக்குப் போனார்கள். அப்பத்தா 22 கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றிக் கொண்டு, பல் தந்தியடிக்க, ஒரு சொம்பில் கோடி தீர்த்தத்தோடு வந்து நின்றது. "எய்யா ராசா, ஒரு வாய்" என்று தம்பியிடம் நீட்டியது. அம்மா குறுக்கே வந்து சொம்பை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கரண்ட் கெட்டிலில் ஊற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். கோடி தீர்த்தத்தைக் கொதிக்க வைத்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்! அப்பத்தா வாயைத் திறந்து மூடியது. ஆறினதும் தம்பி குடித்துவிட்டு, "உப்புக் கரிக்கல" என்றான். அப்பத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பரில் வந்த புயலில் அழிந்த ஊர். அன்று பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டு போய்விட்டது. இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. தம்பி, "ரயிலு உள்ளுக்குள்ள இன்னும் இருக்குமா?" என்று கேட்டான். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. அவனைத் தூக்கிக் கொண்டு போய் அலையின் ஓரத்தில் கால் மட்டும் நனைகிற மாதிரி பிடித்தார். அலை வரும்போது தூக்குவார், போனதும் இறக்குவார். "பாலம் ஏறுது! பாலம் எறங்குது!" என்று அப்போதுதான் கத்தினான். அம்மா மணலில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். நான் அம்மா மடியில் படுத்துக் கொண்டேன். யாரும் மாத்திரை, ஊசி, கவுண்ட் என்று பேசவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும்.

ராத்திரி பத்தரை மணிக்கு அம்மா தம்பி நெற்றியைத் தொட்டார். நீலப் பையைத் திறக்கும் சத்தத்திலேயே எனக்கு முழிப்பு வந்துவிட்டது. 100.8. கால் மணி நேரம் விட்டுத் திரும்ப வைத்தார். 101. அப்பா அதற்குள் மாமாவை எழுப்பிவிட்டார். அப்பத்தா ஈரச் சேலையைச் சுருட்டிப் பையில் திணித்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இந்த வேலை பழகிப் போயிருந்தது.

மறுபடி பாலம். இந்த முறை ரோட்டுப் பாலம், இருட்டில். தம்பி அம்மா மடியில் கண்ணை மூடிக் கிடந்தான். "அம்மா, ரயில் பாலத்துல லைட்டு எரியுதா?" என்று மட்டும் கேட்டான். அம்மா வெளியே பார்க்காமலே "எரியுதுடா" என்றார். நான் பின்சீட்டின் மூலையில் அப்பத்தாவின் முந்தானையை வாயில் பொத்திக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருமல் இப்போதுதான் நிற்காமல் வந்தது.

வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரின் கடிதத்தைக் காட்டினோம். படித்துவிட்டு உடனே ஊசி மருந்தை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மதுரை. போய்ச் சேரும்போது விடியற்காலை நான்கரை. கவுண்ட் 400-க்கு இறங்கியிருந்தது.

வராந்தாவில் அம்மா தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். "அம்மா, எனக்கு மூணு நாளா சளி. நான் சொல்லல. என்னாலதான்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா ரொம்ப நேரம் தரையையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "எனக்கு முந்தாநாளே தெரியும்டி. நீ கொப்பளிச்ச டம்ளர்ல உப்பு இருந்துச்சு" என்றார். "பெறகு ஏம்மா கூட்டிட்டுப் போன?" என்று கேட்டேன். "எனக்கும் போகணும்னு இருந்துச்சு. உன்னையும் விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்க்கவில்லை, தள்ளியும் உட்காரவில்லை.

டாக்டரிடம் நானே கேட்டேன். இரத்தத்தை வளர்த்துப் பார்த்ததில் எந்தக் கிருமியும் வளரவில்லையாம். இப்படிக் கவுண்ட் இறங்குகிற பிள்ளைகளுக்குப் பல தடவை அவர்கள் உடம்பிலேயே இருக்கிற கிருமியால்தான் காய்ச்சல் வருமாம். "உன்னால வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. உன்னால வரலைன்னும் சொல்ல முடியாது. அடுத்த தடவ சொல்லிடு" என்றார். அவர் பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் அவர் சொல்கிற மற்றதையும் நம்புகிறேன்.

ஆறாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, கவுண்ட் ஏறியதும் திரும்ப ஆரம்பித்தார்கள். 2027 தொடக்கத்தில் மருந்து முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தும்மல் வந்தால்கூட இப்போது அப்பத்தாவோடு பக்கத்து வீட்டில் படுத்துக் கொள்கிறேன். அப்பத்தா தீர்த்தத்தைக் கொதிக்க வைத்ததுதான் காரணம் என்று இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறது.

இந்தத் தாளின் கீழே ஒட்டியிருக்கும் பாலம் படம் தம்பி வரைந்தது. ஓரத்தில் ஒட்டியிருப்பது நிஜமான அரை டிக்கெட், தயவுசெய்து யாரும் உரிக்க வேண்டாம், திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். ரயில் ஜன்னலில் தெரிகிற இரண்டு தலையும் நாங்கள்தான். அன்றைக்கு ரயிலில் மாஸ்க் போட்டிருந்தது அவன். ஆனால் படத்தில் எனக்குப் போட்டுவிட்டிருக்கிறான். "ஏன்டா, மாத்தி வரஞ்சிருக்க?" என்று கேட்டேன்.

நிறப் பென்சிலைச் சீவிக் கொண்டே, "உனக்குத்தான அன்னைக்குச் சளி?" என்றான்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி